முதுகுப் பக்கம்

ஐந்தரைக்குச் சங்கு ஊதினால் செக்கிங் டேபிளில் இருக்கிற பெண்கள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்துகொள்வார்கள். ஒருத்தி முதுகைக் காட்டி நிற்பாள். இன்னொருத்தி உள்ளங்கையால் தோளிலிருந்து இடுப்புவரை தட்டிவிடுவாள். காலையிலிருந்து சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிற வேலை அவர்களுக்கு. வெட்டிய நூலில் பாதி தரையில் விழும், பாதி மேலே ஒட்டும். புடவையில், கொண்டையில், காது மடலில் எல்லாம் ஒட்டிக்கொண்டு அப்படியே பஸ் ஏறினால், பக்கத்தில் உட்கார வருகிறவர்கள் ஒரு கணம் நின்று யோசிப்பார்கள்.

மாதேஸ்வரியின் முதுகை ஒன்பது வருஷமாக நாராயணம்மாதான் தட்டுகிறாள். வேப்பனப்பள்ளிக்காரி. வீட்டில் தெலுங்கு, லைனில் தமிழ், சூப்பர்வைசர் திட்டினால் மட்டும் கன்னடம் பேசுவாள்.

"தேவுடா! இன்னிக்கி ஒரு ஊரே ஒட்டிக்கினு இருக்குது அக்கா, உன் முதுகுல. என்னா செவப்பு!"

"பேசாம தட்டுடி. பஸ்ஸு போயிடும்."

"போனா போவுது. பொண்ணு பாக்க வர்றாங்களா உன்ன?"

"ஒரு நூலு இருக்கக் கூடாது. பாத்துக்க."

அதை மாதேஸ்வரி தினமும் சொல்வாள். மற்றவர்கள் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டு கேட்டுக்கு ஓடிவிடுவார்கள். இவள் மட்டும் கடைசி நூல் போகிறவரை நிற்பாள். வேலையில் இருக்கிற சுத்தம் உடம்பிலும் இருக்கிறது என்று நாராயணம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். காரணம் வேறு. அதை மாதேஸ்வரி யாரிடமும் சொன்னதில்லை.

பதினான்கு வருஷம் அந்த ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் அவள் கழுத்தில் ட்ரிம்மர் தொங்கிக்கொண்டிருக்கிறது. விரலளவு கத்தரி. கயிற்றில் கட்டி மாட்டியிருப்பார்கள். கை தானாகப் போய் எடுக்கும், வெட்டும், விடும். மாதேஸ்வரி பார்த்து அனுப்பிய பீஸ் திரும்பி வராது என்று ஒரு பேச்சு உண்டு. புதிதாக வருகிற பிள்ளைகள் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைப் பார்த்து இதை வெட்டலாமா, வேண்டாமா என்று முழிக்கும்போது, அவள் சொல்வது ஒன்றுதான்: "டவுட்டு வந்தா வெட்டு."

மார்ச் மாதத்து அந்தச் சனிக்கிழமை அவள் அரை நாள் லீவு போட்டிருந்தாள். மகள் கேட்டிருந்தாள்.

ஹரிணி ஓசூரிலேயே ஒரு கல்லூரியில் ஆடை வடிவமைப்பு மூன்றாம் வருஷம். கடைசி வருஷத்தில் ஒவ்வொருவரும் எட்டு உடுப்புகள் தைக்க வேண்டும். அவற்றைப் பெண்கள் போட்டுக்கொண்டு நீண்ட மேடையில் நடந்து காட்டுவார்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஷோ. பதினொரு பேருடைய உடுப்புகளும் ஒரே மாலையில். யாருக்குப் பிறகு யார் வருவது, என்ன பாட்டு, எப்படித் தலை வாருவது, எந்த விளக்கு எப்போது எரிவது என்று மொத்த ஷோவையும் நடத்துகிற பொறுப்பை ஹரிணியிடம் கொடுத்திருந்தார்கள். அவளுடைய எட்டு உடுப்புகள் கடைசியில் வரும். பெங்களூரிலிருந்து ஒரு டிசைனர் அம்மா வந்து பார்த்து ஒரே ஒருத்தரை வேலைக்கு எடுத்துக்கொள்வார்.

அது கிடைக்காவிட்டால் என்ன என்பதும் மாதேஸ்வரிக்குத் தெரியும். "உங்க பொண்ண நம்ம டேபிளுக்கே கூட்டியாங்கம்மா, நான் சொல்லி வெக்கறேன்" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். நல்ல மனுஷர், நல்லதுக்குத்தான் சொன்னார். மாதேஸ்வரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் சொல்லாமல் இருந்தாள்.

மதியம் ஒரு மணிக்கு ஹரிணி இரண்டு பெரிய பைகளோடு வந்து இறங்கினாள். பாகலூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒரே வரிசையாகக் கட்டிய பத்து வீடுகளில் கடைசி அவர்களுடையது.

"அம்மா, எட்டு பீஸ் இருக்குது. தேச்சு மட்டும் வெச்சிடு. காலேஜுல அயர்ன் பொட்டி ரெண்டுதான். அடிச்சிக்கறாங்க."

"குடு. இது ஒரு வேலையா?"

"பாக்காத, என்ன?"

"பாக்காம கண்ண மூடிக்கினா தேய்ப்பாங்க?"

ஹரிணி சிரித்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு பார்க்கிற சிரிப்பு அது. இத்தனை நாளும் உடுப்புகளைத் தோழியின் ஹாஸ்டல் அறையில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை. "சரி, பாரு. ஆனா ஒண்ணும் கேக்காத. நாளைக்கி மேடையில பாத்துக்க." ஒத்திகைக்கு நேரமாகிவிட்டதென்று அப்படியே திரும்பி ஓடினாள்.

மாதேஸ்வரிக்குக் கையும் காலும் பரபரத்தன. படிப்பு விஷயத்தில் மகள் அவளிடம் கேட்ட முதல் உதவி இது. பாயை விரித்து, அதன்மேல் போர்வையை நாலாக மடித்துப் போட்டாள். தண்ணீர் தெளிக்கச் சொம்பு வைத்துக்கொண்டு முதல் உடுப்பை எடுத்தாள்.

நல்ல காடாத் துணி. முழங்காலுக்குக் கீழே வரும் நீளச் சட்டை. வெட்டு அழகாக இருந்தது. காலர் நேராக உட்கார்ந்திருந்தது. ஆனால் தோள் தையலில், பக்கத் தையலில், கையில், முதுகில் எங்கே பார்த்தாலும் நூல் நீட்டிக்கொண்டிருந்தது. எல்லாமே சிவப்பு. ஒன்று விரல் நீளம், ஒன்று முழம். ஒழுங்கே இல்லை. புது ஆட்களை லைனில் உட்கார வைத்த அன்றைக்குப் பீஸ் இப்படித்தான் வரும். அந்தப் பீஸ்களை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசர் ஆடுகிற ஆட்டம் அவள் கண்முன் வந்தது.

"அய்யோ பாவம், நேரமில்லாம உட்டுட்டா போல" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

ஒரு சந்தேகம் வரத்தான் செய்தது. போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

கெலவரப்பள்ளிப் பக்கத்து ரோஜாப் பசுமைக்குடிலில் காலை ஷிப்ட் முடித்துவிட்டுப் புருஷன் கிருஷ்ணப்பன் வந்தபோது அவள் இரண்டாவது உடுப்பில் இருந்தாள். அவன் கை கழுவிக்கொண்டே பார்த்தான்.

"என்னா மாதேசு, லீவு போட்டு இங்கயும் அதே வேலயா?"

"பாரேன், இந்தப் புள்ள எவ்ளோ நூலு உட்டு வெச்சிருக்குதுன்னு. இதோட மேடைக்கிப் போனா சிரிக்க மாட்டாங்க?"

அவன் குனிந்து ஒரு கையைத் தூக்கிப் பார்த்தான். "ஏன், இப்படியேதான் இருக்கணுமோ என்னமோ. இந்தக் காலத்துல பேன்ட்டையே கிழிச்சிப் போட்டுக்கறானுங்க."

"உனக்கு ரோஜாவுல முள்ளு எடுக்கத் தெரியும். பீஸப் பத்தி என்னா தெரியும்?"

"அதுவும் சரிதான். முள்ளு எடுக்காத ரோஜா எங்க கம்பெனியிலயும் பாஸ் ஆவாது" என்று சொல்லிவிட்டு அவன் ராத்திரிக் களிக்கு ராகி அரைத்து வரப் போய்விட்டான். களி கிண்டுவதுதான் அவனுக்குத் தெரிந்த இரண்டாவது வேலை.

அவள் வெட்டினாள். நிழல் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. ஏழு உடுப்புகள் தேய்த்து, மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியாகிவிட்டன. கோயில் சுவர்போலச் சுத்தமாக இருந்தன. வெட்டிய நூலை முறத்தில் கூட்டி வைத்திருந்தாள். எட்டாவது மடியில் இருந்தது. அதன் இடது பக்கம் முடித்து வலது பக்கத்துக்கு வந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"வா வா. ஏழு முடிஞ்சிடுச்சி. இது எட்டாவது. ஒரு நூலு இருக்காது, வேணும்னா பாரு."

ஹரிணி உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். தோளில் இருந்த பை கீழே விழுந்தது. அதை அவள் எடுக்கவில்லை. அடுக்கியிருந்த ஏழு உடுப்புகளைப் பார்த்தாள். பிறகு முறத்தைப் பார்த்தாள். கைநீட்டி முறத்தை இழுத்து, அந்த நூல் குவியலுக்குள் விரல்களை விட்டாள். அப்படியே வைத்திருந்தாள்.

அடுப்பில் களி கொதிக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ குக்கர் வைத்தார்கள். மூன்று விசில் வந்தது, அணைத்தார்கள். தெருவில் தண்ணீர் லாரி வந்து, நின்று, போனது. ஏதோ நடந்துவிட்டது என்று மாதேஸ்வரிக்குத் தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

"என்னா கண்ணு?" என்று கிருஷ்ணப்பன்தான் கேட்டான்.

"அது நூலு இல்லப்பா." குரல் அமைதியாக இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். "அதுதான் டிரெஸ்ஸு. ஒவ்வொண்ணா ஊசியில கோத்து, உள்ள முடிச்சுப் போட்டு… மூணு மாசம்."

மாதேஸ்வரி ட்ரிம்மரை விட்டாள். "யாரு… யாருன்னா நூலத் தொங்க உட்டுக்கினு போட்டுக்குவாங்களா?"

"நீ."

ஹரிணி முறத்திலிருந்து கையை எடுத்தாள். கையெல்லாம் நூல்.

"நான் சின்னப் புள்ளயா இருக்கறப்ப நீ பஸ்ஸ விட்டு எறங்குவ. நான் ஓடியாந்து உன் முதுகப் பாப்பேன். இன்னிக்கி நீலச் சட்ட, இன்னிக்கி மஞ்சச் சட்டன்னு சொல்லுவேன். கரெக்ட்டா சொன்னா ஒரு முட்டாயி. அதான் அம்மா இது. எட்டுக் கலரு, எட்டு நாளு."

விரலில் சிக்கிய நூலை ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி முறத்தில் போட்டாள்.

"அப்பறம் எட்டாவது படிக்கறப்ப நான் ஒண்ணு சொன்னேன். உனக்கு மறந்திருக்கும்."

மாதேஸ்வரிக்கு மறக்கவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு ஷிப்டிலிருந்து நேராகப் போயிருந்தாள். வகுப்பு வாசலில் மகள் ஓடிவந்து, யாருக்கும் கேட்காமல், "மேலெல்லாம் நூலோட வராதம்மா" என்றாள். அந்த நாளிலிருந்துதான் கடைசி நூல் போகிறவரை நாராயணம்மாவிடம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். ஆனால் அதைச் சொல்லவில்லை. "என்னா சொன்ன, எனக்கு ஞாபகம் இல்ல" என்றாள்.

அன்றைக்குக் கிண்டிய களியை யாரும் தொடவில்லை.

விடியும்போது பனி இறங்கியிருந்தது. ஓசூரில் மார்ச் மாதம் காலை ஒரு ஊர், மதியம் ஒரு ஊர். மாதேஸ்வரி போர்வையைப் போர்த்திக்கொண்டு, எட்டாவது உடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நான்கு வீடு தள்ளி ராஜாத்தியின் கதவைத் தட்டினாள். ராஜாத்தி நாகரசம்பட்டிக்காரி. முன்பு மாதேஸ்வரியின் கம்பெனியில், துணி ஓரம் பிரியாமல் பின்னுகிற ஓவர்லாக் மெஷின் ஓட்டினவள். இப்போது வீட்டு முன்னறையிலேயே கடை. ஜாக்கெட் தைப்பது, புடவை ஓரத்துக்கு பால்ஸ் அடிப்பது, ஓவர்லாக்.

இரவெல்லாம் படுத்துக்கொண்டு மாதேஸ்வரி யோசித்தது அழுகையைப் பற்றி அல்ல. ஓவர்லாக் மெஷினைப் பற்றி. துணி வைக்காமல் பெடலை அழுத்தினால் அந்த மெஷின் சும்மா இருக்காது. மூன்று கோன் நூலையும் ஒன்றாகப் பின்னிக்கொண்டு வெறும் சரடாகத் தள்ளிக்கொண்டே போகும். அந்தக் காலத்தில் ராஜாத்தி பேச்சு சுவாரசியத்தில் பெடலை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பாள். சரடு தரைவரை தொங்கும். "என்னம்மா, சடை பின்றியா?" என்பார் சூப்பர்வைசர்.

"ராஜாத்தி, சடை ஓட்டணும்."

"காலங்காத்தால உனக்குக் கிறுக்கு புடிச்சிருச்சா அக்கா?"

விஷயத்தைச் சொன்னதும் ராஜாத்தி வாயில் கை வைத்துக்கொண்டாள். பிறகு கொண்டையை இறுக்கிப் போட்டுக்கொண்டு மூன்று நிற கோன்களை மாட்டினாள். சிவப்பு, மஞ்சள், நீலம். பெடலை அழுத்தினாள். ஒரு நிமிஷத்தில் ஆளுயரச் சரடு வந்து விழுந்தது. மூன்று நிறமும் முறுக்கிக்கொண்டு, நுனியில் சுருண்டு, கொடித்தளிர்போல.

ஹரிணியைக் கூப்பிட்டு வந்தார்கள். முகம் வீங்கியிருந்தது. சரடைக் கையில் வாங்கினாள். தூக்கிப் பிடித்தாள். ஆட்டினாள். பிறகு தெருவின் அந்தக் கோடிக்கு நடந்து போனாள். அங்கிருந்து கத்தினாள்: "அத்த, அத உன் தோள்ல போட்டுக்கினு திரும்பி நில்லு!"

ராஜாத்தி போட்டுக்கொண்டு திரும்பி நின்றாள்.

ஹரிணி ஓடி வந்தாள். "நேத்து ஒத்திகையில, மொதல்ல தெச்ச சாம்பிள் துணிய ஒருத்தி மேல போட்டுட்டு, மேடைக்குக் கீழ கடைசி வரிசையில நின்னு பாத்தேன். என் நூலு எதுவும் தெரியல. மெல்லிசு. லைட்டுல கரைஞ்சி போச்சு. யாருகிட்டயும் சொல்லாம பயந்துக்கினு வந்தேன். இது தெரியுது. இது ஆடுது." மூச்சு வாங்கினாள். "ஆனா மூணு மணிக்குக் காலேஜுக்குக் கெளம்பணும், எட்டு மணி நேரந்தான் இருக்குது. முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் முடியாது."

"அப்ப?"

ஹரிணி எட்டாவது உடுப்பை வாங்கி விரித்துப் பார்த்தாள். பாதி சுத்தம், பாதி நூல். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய ஆள் யோசிக்கிற மாதிரி அவள் யோசிப்பதை மாதேஸ்வரி முதல்தடவையாகப் பார்த்தாள்.

"முன்பக்கம் அம்மா வெட்டின மாதிரியே இருக்கட்டும். பாஸ் ஆன பீஸு. பின்பக்கம் மட்டும் சடை. நடந்து வர்றப்ப ஒண்ணும் தெரியாது. மேடை முனையில திரும்பி நிக்கணும். அப்பத்தான் தெரியணும்."

"இந்த எட்டாவது?"

"அத அப்படியே உடு. யாரும் தொடக்கூடாது."

நாராயணம்மாவுக்குப் போன் போனது. அரை மணியில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். ராஜாத்தி சடை ஓட்டினாள், ஹரிணி நிறம் சொன்னாள், நாராயணம்மா முதுகுத் தையலில் சடைகளை வரிசையாக வைத்து மெஷினில் அடித்தாள், மாதேஸ்வரி உள்பக்கம் பட்டி வைத்து மூடினாள். வெயில் ஏறியது. எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒன்றைத் தவிர.

"அய்யய்யோ, மறுபடி வெட்டிட்டேன்!" என்றாள் நாராயணம்மா.

"என்னாடி நீ!"

"நானா வெட்றேன்? கை வெட்டுது அக்கா. நூல நீட்டமாப் பாத்தா அதும்பாட்டுக்குப் போவுது."

ராஜாத்திக்கும் அதே கதை. சடை ஒரு சாண் வந்ததும் அவள் கை கத்தரிக்குப் போனது. மாதேஸ்வரியே இரண்டு சடைகளை வெட்டிவிட்டுத் திருட்டுத்தனமாக மகளைப் பார்த்தாள். வெட்டாமல் விடுகிற வேலையை அவர்கள் எவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

கடைசியில் எல்லாருடைய ட்ரிம்மரையும் கழற்றிக் கிருஷ்ணப்பன் கழுத்தில் மாட்டினாள் மாதேஸ்வரி. நான்கு ட்ரிம்மர்.

"யாரு கேட்டாலும் குடுக்காத. நான் கேட்டாலும்."

"காரணம் சொன்னா குடுக்கலாமா?"

"கிருஷ்ணப்பா!"

"சரி தாயி" என்று அவன் கைகட்டி உட்கார்ந்தான். வெட்டவேண்டிய அவசியம் வந்தவர்கள் அவன்முன் வந்து விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. "இன்னா அளவு? இன்னாத்துக்கு? போன தடவ வாங்கினது என்னாச்சி?" என்று அவன் கேட்ட கேள்வியில் ராஜாத்தி சிரித்துச் சிரித்து ஒரு சடையை வாசல்வரை ஓட்டிவிட்டாள். அந்தச் சடையை ஹரிணி எடுத்து ஏழாவது உடுப்பின் நட்ட நடு முதுகில் வைத்தாள். தரையில் இழுபடட்டும் என்றாள்.

மத்தியானம் கிருஷ்ணப்பன் புதுக் களி கிண்டி, கீரை கடைந்து கொண்டுவந்தான். கையில் நூல் ஒட்டிக்கொண்டிருந்ததால் நாலு பேருக்கும் அவனே உருண்டை பிடித்துத் தட்டில் போட்டான். இரண்டே முக்காலுக்கு ஏழாவது உடுப்பு மெஷினை விட்டு இறங்கியது.

மேடைக்குப் பின்னால் இருந்த வகுப்பறையில் நுழைந்ததும் மாதேஸ்வரிக்கு ஒன்று புரிந்துபோனது. இதுவும் லைன்தான். இந்த மேசையில் தலை, அந்த மேசையில் முகம், அடுத்ததில் உடுப்பு, அதற்கடுத்து திரைக்கு முன்னால் வரிசை. சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தது. கறுப்பு டீ சர்ட் போட்ட ஹரிணி காதில் ஒயரைச் செருகிக்கொண்டு நடுவில் நின்றாள்.

"நாலு, அஞ்சு ரெடியா? மூணு, போ. ரெண்டு உள்ள வந்ததும் பாட்டு மாத்தணும். ஏய், யாரு அங்க வளையல் போட்டுக்கினு? கழட்டு."

எங்கள் சூப்பர்வைசரே இத்தனை பேரை இவ்வளவு மெதுவான குரலில் ஓட்டியதில்லை என்று மாதேஸ்வரி நினைத்தாள்.

துறைத் தலைவி ரேவதி மேடம் வந்து ஹரிணியின் உடுப்புகளைப் பார்த்து முகம் சுருக்கினார். "ஹரிணி, ரிவ்யூல காட்டினது இது இல்லியே?"

"இல்ல மேடம். இது அதுக்கு அடுத்தது."

மேடம் ஒன்றைத் திருப்பி முதுகைப் பார்த்தார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு போனார்.

பத்துப் பேருடைய உடுப்புகளும் போய் வந்தன. கைதட்டல், விசில். இனி ஹரிணியுடையது. அவளுடைய பெண்கள் எட்டுப் பேரும் எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய தலையோடு, வெறுங்காலில், பொட்டுகூட இல்லாமல் வரிசையில் நின்றார்கள். ஹரிணி அம்மாவைப் பிடித்துத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"நீதான் கடைசி டேபிள். நீ சரின்னாத்தான் வெளிய போவணும்." பிறகு பெண்களிடம், "முனையில போயி நில்லுங்க. உடனே திரும்பக் கூடாது. திரும்பினப்பறம் மனசுக்குள்ள மூணு எண்ணுங்க. அப்பறம் நடங்க."

விளக்கு போடுகிற விமல்ராஜ் அத்திப்பள்ளிக்காரன். அவனிடம் ஒயரில் கன்னடத்தில் சொன்னாள்: "அண்ணா, ஹிந்தெ லைட் மாத்ர." பின்பக்க விளக்கு மட்டும்.

முதல் பெண் போனாள். மாதேஸ்வரி திரை இடுக்கில் பார்த்தாள். முன் வரிசையில் பெங்களூர் அம்மா, வெள்ளை முடி, கையில் பேனா. நான்காவது வரிசையில் கிருஷ்ணப்பன். கழுத்தில் இன்னும் நான்கு ட்ரிம்மரும் தொங்கின. கழற்றச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

மேடையில் வெறும் காடாத் துணிச் சட்டை நடந்துபோனது. சுத்தமாக, ஒரு நூல் பிசிறில்லாமல். கூட்டத்தில் சலசலப்பு. "என்னப்பா இது, யூனிபார்ம் மாதிரி" என்று யாரோ சொன்னது திரைவரை கேட்டது. பெங்களூர் அம்மா பேனாவை மூடி வைத்தார்.

பெண் முனையில் போய் நின்றாள். பிறகு திரும்பினாள்.

முதுகு முழுக்க நிறம். தோளிலிருந்து கெண்டைக்கால்வரை சடைசடையாக, அவள் திரும்பிய வேகத்தில் எழும்பி, சுருண்டு, மெல்ல வந்து படிந்தது. பின் விளக்கில் ஒவ்வொரு சடையும் தனித்தனியாக எரிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. அந்த மௌனத்தைக் கேட்டு மாதேஸ்வரி திரைத்துணியைப் பிடித்துக்கொண்டாள். பெண் ஓரடி எடுத்து வைத்தாள், சடைகள் ஆடின, அரங்கம் எழுந்துகொண்டது.

இரண்டாவது பெண். மூன்றாவது. இப்போது முன்பக்கம் வரும்போதே கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. நான்காவது பெண் திரையைத் தாண்டப்போகும்போது மாதேஸ்வரியின் கை அவளைப் பிடித்து நிறுத்தியது. காலருக்குக் கீழே, முன்பக்கத்தில், ஒரே ஒரு வெள்ளை நூல். கழுத்துக்குக் கை போனது. ட்ரிம்மர் இல்லை. அது நான்காவது வரிசையில் இருக்கிறது. அவள் குனிந்து பல்லால் கடித்து எடுத்தாள்.

"சரி. போ."

ஏழாவது பெண்ணின் நடுச்சடை மேடை நீளத்துக்கும் தரையில் இழுபட்டுக்கொண்டு போனது. எட்டாவது உடுப்பில் பாதி மட்டும் சுத்தம், மறுபாதியில் ஹரிணி கையால் கோத்த மெல்லிய நூல்கள். பெங்களூர் அம்மா எழுந்து மேடையோரம் வந்து அதை அருகில் பார்த்தார்.

எட்டுப் பெண்களும் முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். "ஹரிணி, போ, நீ போ" என்று ரேவதி மேடம் தள்ளினார். ஹரிணி காதிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓடினாள். அவள் தாண்டிப் போகும்போதுதான் மாதேஸ்வரி பார்த்தாள். காலையிலிருந்து ராஜாத்தி வீட்டில் உட்கார்ந்து எழுந்த கறுப்பு டீ சர்ட். முதுகெல்லாம் நூல் துணுக்கு. சிவப்பு, மஞ்சள், நீலம். தட்டிவிடக் கை எழுந்தது. எழுந்த கையை மாதேஸ்வரி தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஹரிணி மேடை முனையில் நின்று கும்பிட்டாள். பிறகு, யாரும் சொல்லாமல், திரும்பி நின்றாள்.

எல்லாம் முடிந்து பெங்களூர் அம்மா உள்ளே வந்தபோது, முதலில் ஒரு சட்டையின் முன்பக்கத்தைத்தான் எடுத்துப் பார்த்தார். இந்த பினிஷிங் யார் செய்தது என்று கன்னடத்தில் கேட்டார்.

"நானே மேடம்" என்றாள் மாதேஸ்வரி.

"எஷ்டு வருஷ?" எத்தனை வருஷமாக?

"ஹதினால்கு." பதினான்கு.

அவர் தலையசைத்தார். பிறகு ஹரிணியைப் பார்த்து, ஜூன் ஒன்றாம் தேதி வந்து சேர முடியுமா என்று கேட்டார். ஹரிணி பதில் சொல்வதற்குள் கிருஷ்ணப்பன், "வருவா மேடம், நானே கொண்டாந்து உடறேன்" என்றான். கழுத்தில் நான்கு ட்ரிம்மரும் ஒன்றோடொன்று மோதிக் கணகணத்தன.

திங்கட்கிழமை ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. நாராயணம்மா வழக்கம்போலக் கையை ஓங்கினாள்.

"உடு" என்றாள் மாதேஸ்வரி.

"என்னா அக்கா, அப்படியே பஸ்ஸுல போவப் போறியா?"

"போறேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு காலேஜ் பையன் தயங்கித் தயங்கி, "அக்கா, முதுகெல்லாம் நூலு ஒட்டியிருக்குது" என்றான்.

"தெரியும்ப்பா. அது டிசைனு."

பாகலூர் ரோடு நிறுத்தத்தில் ஹரிணி நின்றுகொண்டிருந்தாள். வந்து சேரும் நேரம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் எத்தனையோ வருஷமாக அங்கே வந்து நின்றதில்லை. மாதேஸ்வரி இறங்கினாள். பஸ் புறப்பட்டுப் போய், அதன் புழுதி அடங்குகிறவரை நின்றார்கள்.

பிறகு மாதேஸ்வரி பையைக் கீழே வைத்தாள். மகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள்.

மூன்று எண்ணுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பச்ச."